கம்பளிக்குள் கையைப் புதைத்துப் படித்தவர்

ஒன்பது அடி நீளம், ஒன்பது அடி அகலம். அவ்வளவுதான் அறை. அதற்குள் மூன்று பேர். வெளியே பனி கொட்டிக் கிடக்கிறது. கதவைத் திறந்து கால் வைக்க முடியாது. உள்ளே குளிர்காய நெருப்பு இல்லை. பொழுது சாய்ந்தால் விளக்கும் இல்லை. வெறுந்தரைதான் படுக்கை.

1823-ம் ஆண்டுக் குளிர்காலத்தில் இமயமலையின் முதுகுப்புறத்தில் சன்ஸ்கார் பள்ளத்தாக்கிலே, சங்லா என்ற ஊரில் ஒரு வெள்ளைக்காரர் இப்படி வாழ்ந்தார். அவர் படைவீரர் அல்ல, வியாபாரி அல்ல, பாதிரியாரும் அல்ல. காலை வெளிச்சம் வந்ததும் ஆட்டுத்தோல் போர்வையைச் சுற்றிக்கொண்டு, எதிரே ஏட்டை வைத்துப் படிக்க உட்காருவார். இருட்டும்வரை படிப்பார். இரண்டு கைகளும் போர்வைக்குள்ளேயே இருக்கும். பக்கத்தைப் புரட்டக் கையை வெளியே எடுப்பதே பெரிய பாடு. விரல்கள் அப்படி விறைத்துப் போகும்!

அவர் பெயர் அலெக்சாண்டர் சோமா. ஹங்கேரிக்காரர். திபெத்து மொழியின் கதவை உலகத்துக்குத் திறந்து விட்டவர். அந்த மொழியைத் தேடி அவர் வரவில்லை என்பதுதான் வேடிக்கை.

ஏழைப் பையனின் ஆசை

1784-ல் டிரான்சில்வேனியாவில் கொரோஸ் என்ற சிறு கிராமத்தில் சோமா பிறந்தார். அந்த ஊர் இப்போது ருமேனியா நாட்டில் இருக்கிறது. எல்லைக் காவல் செய்யும் குடும்பம், ஏழைக் குடும்பம். பையனுக்குப் படிப்பில் ஆசை அதிகம். வெளியூர்ப் பள்ளிக்கு நடந்தே போய்ச் சேர்ந்தான். அங்கே ஊழியம் செய்து, அதற்கு ஈடாகச் சோறும் பாடமும் பெற்றான். பிறகு ஜெர்மனியில் கெட்டிங்கன் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. 1816 முதல் 1818 வரை அங்கே படித்தார்.

ஹங்கேரியர் பேசும் மொழி ஒரு விசித்திரம். சுற்றிலும் உள்ள ஜெர்மன் மொழியோடும் ஒட்டாது. ருஷ்ய மொழியோடும் ஒட்டாது. அப்படியானால் அந்த மக்கள் எங்கிருந்து வந்தவர்கள்? ஆசியாவின் நடுவிலே, யார்க்கந்துக்கு அருகில் எங்கோ தம் மூதாதையரின் உறவினர் இன்னும் வாழ்கிறார்கள் என்று பலர் நம்பினார்கள். சோமாவும் நம்பினார். அவர்களைக் கண்டுபிடித்தே தீருவது என்று சபதம் செய்துகொண்டார். பெண்டாட்டி பிள்ளை இல்லை, காசும் இல்லை. போவதற்குத் தடை ஏது?

1819 நவம்பர் மாதம் புறப்பட்டார். குளிர் தொடங்கும் காலம். அவரோ பக்கத்து வயலுக்குப் போய் வருகிறவர் போல மெல்லிய உடுப்போடு கிளம்பினாராம்!

இரண்டரை வருஷ நடை

கான்ஸ்டாண்டிநோபிள் வழியாகப் போக எண்ணினார். அங்கே கொள்ளைநோய் என்று செய்தி வந்தது. எகிப்துக்குத் திரும்பினார். அங்கேயும் கொள்ளைநோய்! சிரியாவுக்குப் போனார். பிறகு மோசுல், பாக்தாத், டெஹரான். சில இடங்களில் கால்நடை. சில இடங்களில் வணிகர் கூட்டத்தோடு பயணம். ஆறு வந்தால் மிதவை. உடை ஆர்மீனியர் உடை. பெயரையும் சிகந்தர் பேக் என்று மாற்றிக்கொண்டார். புகாராவைத் தாண்டி, 1822 ஜனவரியில் காபூலுக்கு வந்தார். மார்ச்சில் லாகூர். ஜூன் மாதம் லடாக்கின் தலைநகரான லே.

லே பதினோராயிரம் அடிக்கு மேலே இருக்கிறது. வடக்கே மலைகளைத் தாண்டினால் யார்க்கந்து. ஆனால் அந்த வழியில் செலவு அதிகம். கிறிஸ்தவருக்கு உயிருக்கே ஆபத்து. கையில் பணமும் இல்லை. இரண்டரை வருஷம் அலைந்து வந்தவர் அங்கிருந்து திரும்ப வேண்டியதாயிற்று.

காஷ்மீருக்குத் திரும்பும் வழியில், திராஸ் என்ற இடத்துக்கு அருகே ஓர் ஆங்கிலேயரைச் சந்தித்தார். அவர் வில்லியம் மூர்கிராப்ட். கிழக்கிந்தியக் கம்பெனியின் குதிரைப் பண்ணைக்குப் பொறுப்பாளர். நல்ல குதிரைகளைத் தேடி மலையேறி வந்தவர். அவர் சோமாவிடம் திபெத்து மொழி பற்றிய ஒரு பழைய லத்தீன் புத்தகத்தைக் கொடுத்தார். அதில் பிழைகள் மலிந்திருந்தன. உருப்படியான அகராதி ஒன்றுகூட அன்று ஐரோப்பாவில் இல்லை. அதைச் செய்து தந்தால் உதவுவதாக மூர்கிராப்ட் சொன்னார். லாமாக்களின் நூல்களில் தம் இனத்தைப் பற்றிய குறிப்பு இருக்கக்கூடும் என்று சோமாவும் எண்ணினார். பாரசீக மொழியைப் பாலமாக வைத்துக்கொண்டு திபெத்து எழுத்தைக் கற்கத் தொடங்கினார்.

லாமாவும் மாணவரும்

1823 ஜூன் மாதம் சங்லாவுக்குப் போய்ச் சேர்ந்தார். அவருக்கு ஆசிரியராக அமைந்தவர் சங்கே புன்சோக் என்ற லாமா. வைத்தியம் தெரிந்தவர், லாசா வரை போய் வந்தவர், நன்றாகப் படித்தவர். அந்த ஒன்பது அடி அறையில் இருந்த மூவரில் இவர் ஒருவர். சோமா இன்னொருவர். மூன்றாமவர் வேலைக்காரர். பதினாறு மாதம் சங்லாவில் பாடம் நடந்தது. அங்கே சோமா சேர்த்த சொற்கள் சுமார் நாற்பதாயிரம்!

சங்லாவின் பழைய அரண்மனை பிற்காலத்தில் இடிந்து சரியத் தொடங்கியது. 2008-ம் ஆண்டு முதல் ஹங்கேரியிலிருந்து தொண்டர்கள் வந்து, ஊர் மக்களோடு சேர்ந்து மண் குழைத்து அதைப் பழுது பார்த்தார்கள்.

புத்த மடங்களில் இருந்த நூல்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவை நம் ஏட்டுச் சுவடி போல நீள நீளமான தாள்கள். தைத்திருக்க மாட்டார்கள். இரண்டு மரப்பலகைகளுக்கு நடுவே அடுக்கித் துணியில் கட்டி வைப்பார்கள். எழுத்துக்களை மரக்கட்டையில் செதுக்கி அச்சடித்த நூல்களும் உண்டு. காஞ்சூர் என்ற தொகுப்பில் நூறு கட்டுகள். புத்தரின் உபதேசங்கள் என்று கருதப்படுபவை அவை. தாஞ்சூர் என்ற உரைத் தொகுப்பில் இருநூற்று இருபத்தைந்து கட்டுகள். இவற்றில் பெரும்பாலானவை இந்தியாவில் சமஸ்கிருதத்தில் எழுதப்பட்டு, பிறகு திபெத்து மொழிக்குப் போனவை. அவற்றுள் பல நூல்களின் மூலம் இந்தியாவில் அழிந்தே போய்விட்டது. இங்கே தொலைந்த செல்வம் அங்கே மலை மேல் பத்திரமாக இருந்தது!

ஒற்றர் என்ற சந்தேகம்

1824 கடைசியில் சோமா மலையிலிருந்து இறங்கினார். லாமா பின்னால் வருவதாக ஏற்பாடு. சோமா குலுவில் காத்திருந்தார். லாமா வரவில்லை. பனி விழுந்து கணவாய்கள் மூடிக்கொண்டன.

தனியாகச் சபாத்து என்ற ஆங்கிலேயரின் மலைப் பாளையத்துக்கு வந்தார். அங்கே இவரைச் சந்தேகித்தார்கள். கந்தல் உடை, பல மொழிப் பேச்சு, கையில் திபெத்து ஏடு! ஒற்றராக இருந்தால்? மேலிடத்து உத்தரவு வரும்வரை நிறுத்தி வைத்தார்கள். சோமா தம் கதை முழுவதையும் எழுதிக் கொடுத்தார். அதைப் படித்த பிறகு கம்பெனி அரசு அவருக்கு மாதம் ஐம்பது ரூபாய் கொடுக்க இசைந்தது.

1825-ல் மறுபடி மலையேறினார். இந்தத் தடவை புக்தால் மடம். செங்குத்தான பாறையில் பெரிய குகை. அதன் வாயிலே தேன்கூடு போல ஒட்டிக்கொண்டிருக்கும் துறவிகளின் அறைகள். இன்றும் அங்கே போகிறவர்கள் அண்ணாந்து பார்த்து வியக்கும் இடம் அது. ஆனால் சோமாவுக்கு அங்கே மன வருத்தமே மிச்சம். லாமா முன்போல அக்கறை காட்டவில்லை. நாட்கள் வீணாயின. அதே ஆண்டில் மூர்கிராப்டும் ஆப்கானிய எல்லைப் பக்கத்தில் இறந்துபோனார்.

1827 ஜனவரியில் சோமா சபாத்துவுக்குத் திரும்பினார். அங்கே ஒரு செய்தி இடி போலக் காத்திருந்தது. வங்காளத்தில் சீராம்பூர் அச்சகத்தார் 1826-ல் ஒரு திபெத்து அகராதியை வெளியிட்டு விட்டார்கள்! குளிரில் பட்ட பாடெல்லாம் வீண்தானா? புத்தகத்தைப் பார்த்த பிறகுதான் அது குறை நிறைந்த நூல் என்று தெரிந்தது. அரசு இன்னும் மூன்று ஆண்டு தவணை கொடுத்தது. சோமா மூன்றாம் முறையாக மூட்டை கட்டினார்.

பன்னிரண்டு ரூபாய் அடுப்பு

இம்முறை கின்னோர் மலையில் உள்ள கானம் என்ற ஊர். மடத்திலே காஞ்சூர், தாஞ்சூர் இரண்டும் இருந்தன. பழைய லாமாவும் கூட வந்தார். 1828-ல் அம்மை குத்த மலையூர்களுக்குப் போன டாக்டர் ஜெரார்டு என்ற ஆங்கிலேயர் சோமாவைப் பார்த்து எழுதி வைத்தார். அதனால்தான் இந்த விவரங்கள் எல்லாம் நமக்குத் தெரிகின்றன.

ஐம்பது ரூபாயில் இருபத்தைந்து லாமாவுக்கு. நான்கு ரூபாய் வேலைக்காரனுக்கு. ஒரு ரூபாய் வீட்டு வாடகை. மீதி இருபதில் சாப்பாடு, துணி, எழுதும் தாள் எல்லாம். வெண்ணெயும் உப்பும் போட்டுக் காய்ச்சிய தேநீர்தான் முக்கிய ஆகாரம். ஒரே ஒரு ஆடம்பரம் செய்துகொண்டார். குளிர்காயப் பன்னிரண்டு ரூபாய் செலவில் ஓர் அடுப்பு கட்டிக்கொண்டார். சங்லாவில் இல்லாத சுகம்! டாக்டர் கொடுக்க வந்த பொருள்களை அவர் வாங்க மறுத்துவிட்டார். அது வறட்டுக் கௌரவம் என்று சிலருக்குத் தோன்றலாம். கடன்படாமல் வாழ்வது அவருடைய பிடிவாதம்.

1831-ல் கல்கத்தாவுக்கு வந்தார். 1834-ல் அவருடைய திபெத்து அகராதியும் இலக்கணமும் அச்சாயின. ஒவ்வொன்றிலும் ஐந்நூறு பிரதிகள். அதன் பிறகு திபெத்தைப் பற்றிப் படிக்கத் தொடங்கிய ஐரோப்பியர்களுக்கு அவைதான் படிக்கட்டு. ஆசியச் சங்கத்தில் நூலகப் பொறுப்பும் கிடைத்தது. பெரிய நகரம், நல்ல மதிப்பு. ஆனாலும் பாயில்தான் படுக்கை. நான்கு பக்கமும் புத்தகப் பெட்டிகள்.

லாசாவுக்கு

பழைய ஆசை அவரை விடவில்லை. லாசாவின் நூலகங்களைப் பார்த்து, அங்கிருந்து வடக்கே தம் மக்களைத் தேடிப் போக வேண்டும். 1842 பிப்ரவரியில், ஐம்பத்தெட்டு வயதை எட்டும் நிலையில் கல்கத்தாவை விட்டுப் புறப்பட்டார்.

மலையடிவாரத்துத் தெராய்க் காடு அன்று மலேரியாவின் இருப்பிடம். அதைத் தாண்டி மார்ச் 24-ம் தேதி டார்ஜிலிங் சேர்ந்தார். அதிகாரி டாக்டர் காம்பெல் அன்போடு வரவேற்றார். சிக்கிம் அரசரின் வக்கீல் அங்கே இருந்தார். லாமாக்களைப் போலத் திபெத்து மொழி பேசும் வெள்ளைக்காரரைப் பார்த்து அவர் அசந்துபோனார். லாசாவுக்கு வழி திறந்துவிடும் போலிருந்தது.

ஏப்ரல் 6-ம் தேதி காய்ச்சல் கண்டது. காம்பெல் மருந்து கொடுத்தார். முதலில் சோமா மறுத்துவிட்டார். நடுவில் கொஞ்சம் தெளிவு வந்தது. அப்போதும் தம் மூதாதையரைப் பற்றியே மணிக்கணக்கில் பேசினார். 11-ம் தேதி விடியற்காலையில் உயிர் பிரிந்தது.

அவர் தேடிய உறவினர் யார்க்கந்துப் பக்கம் இல்லை. ஹங்கேரி மொழிக்கு நெருங்கிய உறவான மொழிகள் யூரல் மலைக்கு அப்பால், சைபீரியாவின் மேற்கே இருப்பதை மொழி ஆராய்ச்சியாளர் பிற்காலத்தில் நிலைநாட்டினார்கள்.

டார்ஜிலிங் பழைய கல்லறைத் தோட்டத்தில் அவரை அடக்கம் செய்தார்கள். ஆசியச் சங்கம் அங்கே நினைவுச் சின்னம் எழுப்பியது. அவர் விட்டுப்போன சொத்தைக் காம்பெல் கணக்கெடுத்தார். புத்தகங்களும் தாள்களும் நிறைந்த நான்கு பெட்டிகள்; எப்போதும் அணிந்திருந்த நீல நிற உடுப்பு; சில சட்டைகள்; சமையல் பாத்திரம் ஒன்று.