பிளனகன் சொன்னதைக் கேட்க மறுத்த அயர்லாந்து

அருட்தந்தை எட்வேர்ட் பிளனகன் 1886 இல் அயர்லாந்தின் மேற்குப் பகுதியில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். 1904 இல் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்து, 1912 இல் குருவானார். நெப்ரஸ்கா மாநிலத்தின் ஒமாஹா நகரில் பணியாற்றிய அவர், வீடற்ற தொழிலாளருக்காக முதலில் ஒரு விடுதி நடத்தினார். அங்கு வந்தவர்களின் கதைகளைக் கேட்டபோது, அவர்களுடைய வாழ்வு சிறுவயதிலேயே குலைந்துவிட்டது என்பது அவருக்குத் தெரிந்தது. 1917 டிசெம்பரில் 90 டொலர் கடன் வாங்கி ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்தார். முதலில் வந்த சிறுவர்கள் ஐந்து பேர்.

அந்த வீடு பின்னாளில் போய்ஸ் டவுன் என்ற சிற்றூராக வளர்ந்தது. இனமோ மதமோ பாராமல் பிள்ளைகளைச் சேர்த்தார்கள். சிறுவர்கள் தங்களுக்குள் ஒரு மேயரைத் தெரிவு செய்தார்கள். 1938 இல் வெளியான திரைப்படத்தில் பிளனகனாக நடித்த ஸ்பென்சர் ட்ரேசிக்கு ஒஸ்கார் விருது கிடைத்தது. அயர்லாந்தும் தன் மண்ணின் மைந்தன் என்று பெருமை கொண்டது.

அந்தப் பெருமை 1946 வரைதான் நீடித்தது. அவ்வாண்டு தாய்நாட்டுக்கு வந்த பிளனகன் அங்கிருந்த கைத்தொழிற் பாடசாலைகளைப் பற்றி அறிந்தார். பெயர்தான் பாடசாலை. வறுமையைத் தவிர வேறு குற்றமெதுவும் செய்யாத பிள்ளைகளையும் நீதிமன்றங்கள் அங்கே அனுப்பின. துறவற சபைகள் அவற்றை நடத்தின; அரசு தலைக்கு இவ்வளவு என்று பணம் கொடுத்தது. பிள்ளை குறைந்தால் வருமானமும் குறையும். லிமரிக் மாவட்டத்தில் அத்தகைய ஓரிடத்தில் 14 வயதுச் சிறுவன் ஒருவன் சாட்டையால் அடிக்கப்பட்ட விவரமும் அவர் கைக்கு வந்தது.

கோர்க் நகரில் பேசியபோது அவர் அமைச்சர்களை மட்டும் குறை சொல்லவில்லை. எதிரே அமர்ந்திருந்த மக்களிடமே, உங்கள் பிள்ளைகளை இப்படி அடைத்து வைப்பதற்கு நீங்கள்தான் இடம் கொடுக்கிறீர்கள் என்ற பொருளில் பேசினார். அமெரிக்கா திரும்பிய பின்னும் சிறைகளையும் இந்த நிறுவனங்களையும் கண்டித்தார்.

யூலையில் விடயம் பாராளுமன்றத்துக்கு வந்தது. நீதி அமைச்சர் ஜெரால்ட் போலண்ட், பிளனகனின் பேச்சு வரம்பு மீறியது, அதைப் பொருட்படுத்தத் தேவையில்லை என்ற நிலைப்பாட்டை எடுத்தார். போலண்ட் உள்நாட்டுப் போர்க் காலத்தில் தானும் சிறையிருந்தவர். அடைபட்டவனின் நிலை அறிந்த ஒருவர் விசாரிக்க மறுத்ததுதான் எனக்கு அதிகம் உறுத்துகிறது. அரசையும் திருச்சபையையும் ஒருசேரக் கேள்வி கேட்க அந்த நாட்களில் அங்கே துணிந்தவர்கள் சொற்பம். குருவானவர் ஒருவரே கேட்டும் விசாரணை நடக்கவில்லை.

உலகப் போரில் பெற்றோரை இழந்த பிள்ளைகளின் நிலையைக் காண 1947 இல் ஜப்பானுக்கும் கொரியாவுக்கும் பிளனகன் சென்றார். அதே பணிக்காக ஐரோப்பா சென்றிருந்தபோது, 1948 மே 15 அன்று பேர்லினில் மாரடைப்பால் காலமானார். அவரது உடல் போய்ஸ் டவுன் தேவாலயத்தில் வைக்கப்பட்டுள்ளது.

1999 மே மாதத்தில் அயர்லாந்துப் பிரதமர் பேர்ட்டி அஹெர்ன், பாதிக்கப்பட்டோரிடம் அரசின் சார்பில் மன்னிப்புக் கோரினார். 2009 இல் விசாரணை ஆணைக்குழுவின் அறிக்கை வெளிவந்தது. அடியும் புறக்கணிப்பும் அந்த நிறுவனங்களின் வழமையாக இருந்தன, சிறுவர் நிலையங்கள் பலவற்றில் பாலியல் கொடுமை பரவியிருந்தது, மேற்பார்க்க வேண்டிய கல்வித் திணைக்களம் சபைகளுக்குப் பணிந்து போனது என்று அது பதிவு செய்தது. ஆனால் கிறிஸ்தவ சகோதரர்கள் சபை முன்னரே நீதிமன்றம் சென்றிருந்ததால், குற்றம் சாட்டப்பட்ட அச்சபையினரின் உண்மைப் பெயர்கள் அறிக்கையில் இடம்பெறவில்லை.