குப்பை பொறுக்கிய ஓவியர்

ஜெர்மனியில் ஹனோவர் என்று ஒரு நகரம். அங்கே ஓர் உயரமான மனிதர் தெருவில் கிடக்கும் பொருள்களைக் குனிந்து குனிந்து எடுப்பார்.

கிழிந்த டிராம் டிக்கெட், மிட்டாய்க் காகிதம், உடைந்த பொத்தான், கம்பித் துண்டு. எதையும் விடமாட்டார்.

அவர் பிச்சைக்காரர் அல்ல. வீடு வாசல் உள்ளவர். டிரெஸ்டன் நகரில் முறையாகச் சித்திரம் படித்தவர். பெயர் குர்ட் சுவிட்டர்ஸ். பிறந்தது 1887-ம் ஆண்டில்.

முகமோ, மலையோ, அச்சு அசலாக வரைவார். ஆனால் 1918-ல் முதல் உலக யுத்தத்தில் ஜெர்மனி தோற்றது. நாடே நொறுங்கிக் கிடந்தது. நொறுங்கியதைக் கொண்டே புதிதாக ஒன்று செய்யலாம் என்று அவருக்குத் தோன்றியது.

பாதிச் சொல்

பொறுக்கி வந்ததை அட்டையில் ஒட்டினார். ஒரு படத்தில், ஒரு பாங்கியின் விளம்பரத்தைக் கத்தரித்து ஒட்டினார். பாங்கியின் பெயரில் 'கொமெர்ஸ்' என்ற சொல் இருந்தது. முன்பாதி கத்தரிக்குப் போய்விட்டது. மிஞ்சியது 'மெர்ஸ்'.

அந்தச் சொல்லுக்கு அர்த்தமே கிடையாது. ஆனாலும் அவருக்குப் பிடித்துவிட்டது. தம் கலைக்கே 'மெர்ஸ்' என்று பெயர் சூட்டினார். இது நடந்தது 1919-ல்.

நாமும் பஸ் டிக்கெட்டைக் கசக்கி எறிகிறோம். அதன் நிறம் என்ன என்று கேட்டால் விழிப்போம். அவர் அந்த நிறத்தைத்தான் பார்த்தார். பழைய காகிதத்தின் பழுப்புக்குப் பக்கத்தில் ஒரு மங்கிய நீல டிக்கெட்டை வைத்தால், இரண்டும் எடுப்பாகத் தெரியும். டிக்கெட் எந்த ஊருக்கு என்பது முக்கியமல்ல.

வளர்ந்த வீடு

1923-ம் ஆண்டு வாக்கில், வீட்டுக்குள்ளேயே மரத்தாலும் சாந்தாலும் ஒரு விசித்திரக் கட்டடம் எழுப்பத் தொடங்கினார். அதில் சின்னச் சின்ன குகைகள். நண்பரின் பென்சில், தலைமுடி, குடித்துப் போட்ட சிகரெட் துண்டு எல்லாம் அவற்றுக்குள் போயின. கட்டடம் அறை அறையாக வளர்ந்தது. மனைவி ஹெல்மா எப்படித்தான் பொறுத்துக்கொண்டாரோ!

ஹிட்லர் ஆட்சிக்கு வந்தான். இத்தகைய கலை அவனுக்கு ஆகாது. 1937-ல் சுவிட்டர்ஸ் நார்வே நாட்டுக்குத் தப்பி ஓடினார். ஹெல்மா வீட்டைக் கவனிக்க ஹனோவரிலேயே தங்கிவிட்டார். அதே ஆண்டில், கேலி செய்வதற்கென்றே மியூனிக்கில் சர்க்கார் நடத்திய கண்காட்சியில் இவர் படங்களும் தொங்கின.

நார்வேயில் இரண்டாவது கட்டடம் தொடங்கினார். 1940-ல் ஜெர்மன் படை அங்கேயும் வந்தது. கப்பலேறி பிரிட்டன் போனார். ஜெர்மானியர் என்பதால் அங்கே முகாமில் அடைத்தார்கள்.

கஞ்சிச் சிலை

முகாமில் சாமான்கள் ஏது? தரை விரிப்பைப் பெயர்த்து அதன்மேல் வரைந்தார். காலையில் கொடுத்த ஓட்ஸ் கஞ்சியில் சிலை செய்தார். அது பூசணம் பூத்து நாறியது. அவர் விடவில்லை.

1941 கடைசியில் விடுதலை கிடைத்தது. 1943 அக்டோபரில் ஹனோவரில் குண்டு விழுந்தது. பல ஆண்டு உழைப்பு ஒரே இரவில் தரைமட்டம். மறு ஆண்டு ஹெல்மா புற்றுநோயால் இறந்தார். பக்கத்தில் கணவர் இல்லை. செய்திகூடத் தாமதமாகத்தான் வந்தது.

ஒரு சுவர்

1945-ல் இங்கிலாந்தின் வடக்கே ஆம்பிள்சைடு என்ற சிற்றூருக்குப் போனார். உடல் தளர்ந்துவிட்டது. ஊராரின் முகங்களை வரைந்து வயிறு கழுவினார்.

1947-ல் நியூயார்க் கலைக்கூடம் ஒன்று 1,000 டாலர் உதவி அளித்தது. அவர் என்ன செய்தார் தெரியுமா? பக்கத்துக் கிராமத்தில் ஒரு கல் கொட்டகையில் மூன்றாவது கட்டடத்தைத் தொடங்கினார்! படச்சட்டம், பூவாளியின் மூக்கு, குழந்தையின் பந்து, கூழாங்கல். அகப்பட்டதையெல்லாம் சாந்தில் பதித்தார்.

குளிர் கடுமையாக இருந்தது. ஒரு சுவர்கூட முழுதாக முடியவில்லை. 1948 ஜனவரி 8-ந் தேதி, 60-வது வயதில் காலமானார். பிரிட்டிஷ் குடியுரிமை வழங்கும் கடிதம் அதற்கு முந்தின நாள்தான் வந்திருந்தது.

நார்வே கட்டடம் 1951-ல் தீக்கு இரையாயிற்று. மிஞ்சியது அந்தக் கொட்டகைச் சுவர் ஒன்றே. 1965-ல் அதை அப்படியே பெயர்த்தெடுத்து, நியூகாசில் பல்கலைக் கழகக் கலைக்கூடத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்கள்.