மணலில் வரைந்த வண்டி... புது டிஃபெண்டரைப் பார்த்தா மாரிஸ் வில்க்ஸ் அழுவாரா?

டிஃபெண்டர் கார் வர்ற ரீல்ஸ் எதைப் பார்த்தாலும் கீழே ஒரு சண்டை கட்டாயம் நடக்கும். பழைய லேண்ட் ரோவர்தான் வண்டி, புதுசு வெறும் ஷோ என்று ஒரு கோஷ்டி. பழசுல போய் இடுப்பு கழண்டவனுக்குத்தான் புதுசோட அருமை தெரியும் என்று இன்னொரு கோஷ்டி. முதல் கோஷ்டி கடைசியா ஒரு அஸ்திரத்தை எடுத்து வீசும். இதைப் பார்த்தா மாரிஸ் வில்க்ஸ் கண்ணீர் விடுவாராம்!

நிஜமாவே விடுவாரா? அதுக்கு அந்த மனுஷன் எப்படி வாழ்ந்தார்னு பார்க்கணும்.

மாரிஸ் வில்க்ஸ் 1904-ல் இங்கிலாந்தின் தென்கோடியில் இருக்கும் ஹேலிங் தீவில் பிறந்தவர். இருபதைத் தாண்டியதும் அமெரிக்கா போய் ஜெனரல் மோட்டார்ஸில் ரெண்டு வருஷம் வேலை. ஊர் திரும்பி ஹில்மேன் கம்பெனி. 1930-ல் ரோவர் கம்பெனிக்கு வந்து தலைமை இன்ஜினீயர் ஆனார். அண்ணன் ஸ்பென்சர் வில்க்ஸ் அங்கே நிர்வாகத்தைப் பார்த்துக்கிட்டிருந்தார். அண்ணன் கையில் கணக்கு, தம்பி கையில் ஸ்பேனர். அன்றைய ரோவர் என்பது டாக்டர்களும் பேங்க் மேனேஜர்களும் வாங்குகிற அமைதியான கார். சேறு, சகதிக்கும் அந்தக் கம்பெனிக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது.

இரண்டாம் உலகப்போர் வந்ததும் பிரிட்டிஷ் அரசு ரோவரிடம் ஒரு வில்லங்கமான வேலையைக் கொடுத்தது. ஃபிராங்க் விட்டில் கண்டுபிடித்த ஜெட் இன்ஜினைத் தயாரிக்கும் வேலை. விட்டில் போட்ட டிசைனில் மாரிஸின் டீம் கைவைக்க, ரெண்டு தரப்புக்கும் முட்டிக்கிச்சு. கடைசியில் 1943-ல் ஜெட் இன்ஜின் ரோல்ஸ் ராய்ஸ் கைக்குப் போச்சு. பதிலுக்கு ரோவருக்குக் கிடைத்தது டாங்கி இன்ஜின். ஆனா, டர்பைன் மேல மாரிஸுக்கு வந்த ஆசை மட்டும் போகவே இல்லை. இதைக் கொஞ்சம் ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

போர் முடிஞ்சப்போ ரோவரின் நிலைமை பரிதாபம். கோவென்ட்ரியில் இருந்த பழைய ஃபேக்டரி குண்டுவீச்சில் நாசம். சோலிஹல்லில் போருக்காகக் கட்டிய பிரமாண்டமான ஃபேக்டரி கையில் இருக்கு, ஓட்டத்தான் வேலை இல்லை. இரும்புக்கு ரேஷன். வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்கிற கம்பெனிக்குத்தான் அரசு இரும்பு ஒதுக்கும். ஏற்றுமதிக்கு ரோவரிடம் புதுசா எதுவும் இல்லை.

அந்தச் சமயத்தில் மாரிஸுக்கு வேல்ஸ் பக்கம் ஆங்கில்ஸி தீவில் ஒரு பண்ணை இருந்தது. அங்கே மரம் இழுக்க, மூட்டை ஏற்ற எல்லாத்துக்கும் ஒரே வண்டி, அமெரிக்க ராணுவம் கழித்துவிட்டுப்போன ஜீப். வேலை செய்யும். ஆனா, அடிக்கடி படுத்துக்கும், ஸ்பேர் கிடைக்காது. இது மொத்தமா போனா என்ன பண்ணுவே என்று அண்ணன் கேட்க, இன்னொரு ஜீப்தான், வேற வழி இல்லையே என்று தம்பி சொன்னதாக ஒரு கதை உண்டு. வண்டி செய்யும் கம்பெனியின் தலைமை இன்ஜினீயருக்கே தன் பண்ணைக்கு அடுத்தவன் வண்டிதான் கதி என்பது எவ்வளவு உறுத்தியிருக்கும்!

1947-ல் ஆங்கில்ஸியின் ரெட் வார்ஃப் பே கடற்கரையில், மணலிலேயே ஒரு வண்டியின் படத்தை அண்ணனுக்கு வரைஞ்சு காட்டினார் மாரிஸ். அந்த வருஷமே முதல் மாதிரி வண்டி தயார். ஜீப் சேஸிஸ் மேலதான் கட்டினாங்க. ஸ்டீயரிங், டிராக்டர் மாதிரி நட்ட நடுவில்! வலது பக்கம், இடது பக்கம் என்று நாட்டுக்கு ஒரு மாதிரி செய்யவேண்டாமே என்கிற சிக்கன யோசனை. நடைமுறைக்கு ஒத்துவராம கைவிட்டாங்க.

இனிமேதான் சுவாரஸ்யம். இரும்பு கிடைக்கலையா, பாடிக்கு அலுமினியக் கலவைத் தகடு. அச்சுகள் செய்யப் பணம் இல்லையா, கையாலேயே மடிக்கக்கூடிய தட்டையான பேனல்கள். பெயின்ட்? போர் விமானங்களின் காக்பிட்டுக்கு அடிக்க வாங்கி மிச்சமான வெளிர் பச்சை. இன்னைக்கு டி-ஷர்ட்டில் பிரின்ட் போட்டுக் கும்பிடுறோமே அந்த டப்பா வடிவம், அதை யாரும் அழகுக்காக யோசிக்கலை. கல்லாவில் காசு இல்லாததால் வந்த வடிவம் அது.

1948 ஏப்ரல் 30, ஆம்ஸ்டர்டாம் மோட்டார் ஷோ. லேண்ட் ரோவர் உலகத்துக்கு அறிமுகமாச்சு. விலை 450 பவுண்டு. 1.6 லிட்டர் இன்ஜின், சுமார் 50 குதிரைத்திறன், நாலு வீல் டிரைவ். கதவு, தார்ப்பாய் கூரை எல்லாம் எக்ஸ்ட்ரா காசு! ஆனா, இன்ஜினில் இருந்து பவரை வெளியே எடுத்து மரம் அறுக்கும் ரம்பத்தையோ கதிரடிக்கும் மெஷினையோ ஓட்டலாம். ரெண்டு மூணு வருஷம் கம்பெனியை ஓட்ட ஒரு தற்காலிக ஏற்பாடு, அவ்வளவுதான் திட்டம். அடுத்த வருஷமே ரோவர் கார்களை விற்பனையில் முந்திடுச்சு.

இப்போ புதுசுக்கு வருவோம். 2019-ல் அறிமுகமான டிஃபெண்டர் தயாராவது ஸ்லோவாக்கியாவின் நித்ராவில். முதலாளி, 2008-ல் இருந்து நம்ம டாடா. பழசு சுமார் 1,200 கிலோ. புதுசு 2 டன்னுக்கு மேல். 50 குதிரைத்திறன் இருந்த இடத்தில் 300. ஏணி மாதிரி இருந்த சேஸிஸ் போய், அலுமினிய மோனோகாக் பாடி. முரட்டு ஆக்ஸிலும் பட்டை ஸ்பிரிங்கும் போய், ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனி சஸ்பென்ஷன். ஏர் சஸ்பென்ஷன் இருந்தா 900 மில்லிமீட்டர் தண்ணியிலும் இறங்கலாம். பானெட்டுக்குக் கீழே என்ன கல் இருக்குன்னு கேமரா காட்டும். பழசில், பக்கத்தில் இருக்கிறவர் இறங்கி எட்டிப் பார்க்கணும்.

இதையெல்லாம் பார்த்து மாரிஸ் அழுவாரா? அங்கேதான் அந்த டர்பைன் கதை வருது. லேண்ட் ரோவர் வந்த ரெண்டே வருஷத்தில், 1950-ல், அவர் தலைமையில் ரோவர் செய்த கார் ஜெட் 1. உலகின் முதல் கேஸ் டர்பைன் கார். 1952-ல் பெல்ஜியத்தின் ஜப்பேக் சாலையில் மணிக்கு 240 கிலோமீட்டரைத் தாண்டியது. மண்வெட்டி மாதிரி வண்டி செய்த அதே மனுஷன்தான் இதையும் செய்தார்! எலெக்ட்ரானிக்ஸைப் பார்த்து மிரள்ற ஆள் இல்லை அவர். புது டிஃபெண்டரைக் கொடுத்தா, கோட்டைக் கழட்டி வெச்சுட்டு முதலில் அடியில் படுத்து சஸ்பென்ஷனைத்தான் பார்ப்பார் என்பது என் கணிப்பு.

ஆனா, எழுந்து வந்து ஒரு கேள்வி கேட்பார். பண்ணையில் நின்னு போச்சுன்னா யார் சரிபண்ணுவா? பழசில் பேனல் நசுங்கினா போல்ட்டைக் கழட்டி மாத்திடலாம். உலகின் எந்த மூலையிலும் ஒரு வெல்டிங் பட்டறை போதும். புதுசுக்கு லேப்டாப்போடு கம்பெனி ஆள் வரணும். விலையும் அப்படித்தான். இந்தியாவுக்கு 2020-ல் வந்தப்போ ஆரம்பமே 70 லட்சத்துக்கு மேல். ஜீப்புக்கு ஸ்பேர் இல்லாம நொந்த ஒரு பண்ணைக்காரர் தனக்காகச் செய்த வண்டி, இன்னைக்குப் பண்ணைக்காரருக்கு எட்டாது. பிரிட்டனிலேயே விவசாயிகள் பலர் பிக்-அப் பக்கம் போயிட்டாங்க. பழைய கோஷ்டி வடிவத்தையும் ஸ்கிரீனையும் திட்டுறதை விட்டுட்டு இதைக் கேட்டா, நானும் அவங்க பக்கம்தான்.

மாரிஸ் 1960-ல் ரோவரின் நிர்வாக இயக்குநர், 1962-ல் சேர்மன். 1963 செப்டம்பரில் ஆங்கில்ஸியிலேயே, 59 வயதில் இறந்துபோனார். அஞ்சு லட்சமாவது லேண்ட் ரோவர் வெளியே வந்தது அதுக்கு மூணு வருஷம் கழிச்சுத்தான். டிஃபெண்டர் என்கிற பெயரே 1990-ல்தான் வந்தது. அந்தப் பெயரை அவர் காதால்கூடக் கேட்டதில்லை.

தற்காலிக ஏற்பாடு 2016 ஜனவரி 29 வரை சோலிஹல்லில் ஓடியது. மொத்தம் 20 லட்சம் வண்டிகளுக்கு மேல். அன்னைக்கு வெளியே வந்த கடைசி வண்டி, தார்ப்பாய் கூரை போட்ட டிஃபெண்டர். அந்தத் தார்ப்பாயை இழுத்துக் கட்டும் கொக்கி 1948-ல் இருந்து மாறவே இல்லை.