பணியே வழிபாடு
(மாயூரம் வேதநாயகர்)

நுழையும்முன்

கோவிலிலோ, தேவாலயத்திலோ, பள்ளிவாசலிலோ நாம் செலவிடும் நேரம் சிறிது. வீட்டிலும் வேலையிடத்திலும் தெருவிலும் செலவிடும் நேரம் பெரிது. அந்தச் சிறிது நேரத்தில் கற்ற அருள்நெறியை இந்தப் பெரிய நேரத்தில் கைக்கொள்வது எளிதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கிறித்தவர் ஒருவர் அதனைத் தம் அலுவலக இருக்கையில் அமர்ந்தபடியே செய்து காட்டினார். அவர் துறவியல்லர், சமயப் பரப்பாளருமல்லர். சம்பளம் பெற்றுப் பணியாற்றிய ஒரு நீதிபதி. அவருடைய வாழ்க்கையை அறிவோம், வாருங்கள்.

இளமையும் கல்வியும்

திருச்சிராப்பள்ளிக்கு அருகிலுள்ள குளத்தூரில் 1826ஆம் ஆண்டு அக்டோபர் 11ஆம் நாள் வேதநாயகர் பிறந்தார். தந்தையார் சவரிமுத்துப் பிள்ளை. தாயார் ஆரோக்கிய மரி அம்மாள். கத்தோலிக்க நெறியைப் போற்றிய குடும்பம் அது. தமிழ்ப் பயிற்சியும் இறைப்பற்றும் அவருக்கு வீட்டிலேயே வாய்த்தன. பின்னர்த் திருச்சிராப்பள்ளி நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றிய தியாகப் பிள்ளை என்பவரிடம் ஆங்கிலமும் தமிழும் கற்றார்.

அக்காலத்தில் ஆங்கிலம் அறிந்த இளைஞர்க்கு அரசுப் பணி எளிதில் கிடைத்தது. ஆங்கிலம் கற்றதும் தமிழை மறந்தவர் பலர். வேதநாயகர் அவ்வாறு மறக்கவில்லை. இரு மொழிகளிலும் அவர் பெற்ற புலமை, பிற்காலத்தில் எண்ணற்ற ஏழைகளுக்குப் பயன்பட இருந்தது.

ஆவணக் காப்பாளர் முதல் முன்சீப் வரை

1848ஆம் ஆண்டு திருச்சிராப்பள்ளி நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராக வேதநாயகர் பணியில் சேர்ந்தார். சில ஆண்டுகளில் அங்கேயே மொழிபெயர்ப்பாளராக உயர்ந்தார். வழக்காடுவோர் தமிழில் சொல்வதை ஆங்கிலத்திலும், ஆங்கிலேய நீதிபதி சொல்வதைத் தமிழிலும் பெயர்ப்பது அவருடைய வேலை. ஒரு சொல் பிறழ்ந்தால் ஒருவரின் நிலம் மற்றொருவர் கைக்குப் போய்விடும் என்பதை அந்த இருக்கை அவருக்கு உணர்த்தியது.

1857ஆம் ஆண்டு தரங்கம்பாடியில் முன்சீப்பாக அமர்த்தப்பட்டார். அடுத்துச் சீர்காழியிலும், பின்னர் மாயூரத்திலும் அப்பொறுப்பை வகித்தார். மாயூரத்தில் மட்டும் பதின்மூன்று ஆண்டுகள் பணியாற்றினார். அதனால் அவ்வூரின் பெயர் அவர் பெயருக்கு அடைமொழியாக ஒட்டிக்கொண்டது. அந்த மாயூரமே இன்றைய மயிலாடுதுறை.

தெரியுமா?
முன்சீப் என்பவர் உரிமையியல் வழக்குகளை விசாரிக்கும் கீழமை நீதிபதி. கடன், நிலத்தின் எல்லை, குத்தகை, பாகப்பிரிவினை போன்ற வழக்குகள் முதலில் வந்து சேரும் இடம் முன்சீப் நீதிமன்றமே. ‘நீதி வழங்குபவர்’ என்னும் பொருளுடைய அரபுச் சொல்லிலிருந்து இப்பெயர் வந்தது.

கறைபடாத கை

காவிரிப் பாசனத்தால் செழித்த தஞ்சைப் பகுதியில் நிலமே செல்வம். ஆகவே வழக்குகளும் நிலத்தைப் பற்றியே மிகுதியாக எழுந்தன. பெருநிலம் உடையவரும் அவரிடம் குத்தகைக்கு உழுதவரும் ஒரே நீதிமன்றத்தில் எதிரெதிரே நின்றனர். ஒருவரிடம் பணமும் செல்வாக்கும் இருந்தன. மற்றவரிடம் தம் சொல்லைத் தவிர வேறொன்றும் இல்லை. அலுவலரைக் காணச் செல்லும்போது கையுறையோடு செல்வது அக்காலத்தில் வழக்கமாகவே கருதப்பட்டது. பழத்தட்டில் தொடங்கும் பழக்கம் பணமுடிப்பில் முடியும். அதனைப் பெறுபவரும் தவறென எண்ணுவதில்லை, கொடுப்பவரும் வெட்கப்படுவதில்லை.

இந்தச் சூழலில்தான் 1859ஆம் ஆண்டு வேதநாயகரின் ‘நீதிநூல்’ வெளிவந்தது. இறை வணக்கம், பெற்றோரைப் போற்றல் முதலான பல அறங்களைச் செய்யுளில் கூறும் அந்நூலில், கைக்கூலிக்கென்று தனியே ஓர் அதிகாரம் வகுத்தார். அறநூல்கள் தமிழுக்குப் புதியன அல்ல. ஆனால் கைக்கூலி எட்டும் தொலைவில் நாள்தோறும் அமர்ந்திருந்த அலுவலரே கைக்கூலியைக் கண்டித்து நூல் அச்சிட்டது புதுமை. எழுதியவருடைய வாழ்க்கையை ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. நூலைப் படித்தவர் மறுநாள் அவருடைய நீதிமன்றத்திலேயே வாதியாகவோ பிரதிவாதியாகவோ வந்து நிற்கக்கூடும். அந்நூலை வெளியிட்டதன் வாயிலாக அவர் பிறருக்கு அறிவுரை கூறியதோடு, தமக்கும் ஒரு வேலி இட்டுக்கொண்டார். அந்த வேலியைத் தாண்டாதவர் என்ற பெயர் இறுதிவரை அவருக்கு நிலைத்தது.

மக்கள் மொழியில் நீதி

சென்னை மாகாணத்தில் அந்நாளில் உயர்ந்த முறையீட்டு மன்றமாக விளங்கியது சதர் அதாலத்து. அதன் தீர்ப்புகளே கீழமை நீதிமன்றங்களுக்கு வழிகாட்டின. அவை ஆங்கிலத்தில் இருந்தன. தமக்கு எந்தச் சட்டம் துணை நிற்கிறது என்பதைத் தமிழ் மட்டும் அறிந்தவர் தாமாக அறிந்துகொள்ள வழியில்லை. இடையில் இருந்தவர்கள் சொன்னதை நம்ப வேண்டியிருந்தது. அவர்கள் கேட்ட பணத்தைக் கொடுக்க வேண்டியிருந்தது.

வேதநாயகர் இக்குறையைக் களைய முற்பட்டார். 1805 முதல் 1861 வரை வழங்கப்பட்ட தீர்ப்புகளைத் தொகுத்துத் தமிழாக்கி, ‘சித்தாந்த சங்கிரகம்’ என்னும் பெயரில் 1862ஆம் ஆண்டு வெளியிட்டார். சதர் அதாலத்து மறைந்து சென்னை உயர்நீதிமன்றம் தோன்றியதும் அதே ஆண்டில்தான். ஐம்பத்தாறு ஆண்டுக்காலத் தீர்ப்புகளை அன்றாட அலுவலுக்கிடையே படித்துச் சுருக்கித் தமிழில் எழுதுவது சிறு முயற்சியன்று. நீதிமன்றச் சொற்களுக்கு நிகரான தமிழ்ச்சொற்கள் நிலைபெறாத காலம் அது. சட்டத் தமிழின் முன்னோடி என்று அவரை இன்று போற்றுவதற்கு இந்நூலே அடிப்படை.

தமிழ் அறிந்த நீதிபதியின் முன்னே, தமிழ் மட்டும் அறிந்த கட்சிக்காரருக்காக, தமிழ் வழக்கறிஞர் ஆங்கிலத்தில் வாதிடும் விந்தையை அவரால் ஏற்க முடியவில்லை. தம் நாவலிலும் இதனைக் கடிந்து எழுதினார். விடுதலைக்குப் பின் 1956ஆம் ஆண்டு தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் இயற்றப்பட்டது. பின்னர்ச் செய்யப்பட்ட திருத்தத்தின்வழிக் கீழமை நீதிமன்றங்களிலும் தமிழ் இடம்பெற்றது. அந்தப் பாதையில் முதல் அடிகளை எடுத்துவைத்தவர்களுள் மாயூரத்து முன்சீப்பும் ஒருவர்.

தாது ஆண்டின் சோதனை

அலுவலில் நேர்மையாக இருப்பவர் பலர், அலுவல் முடிந்ததும் தம் கடமையும் முடிந்ததாகக் கருதுவர். வேதநாயகர் அவ்வாறு கருதவில்லை என்பதைக் காட்டியது 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை வாட்டிய கொடும் பஞ்சம். தாது ஆண்டில் தொடங்கியதால் அதனைத் தாது வருடப் பஞ்சம் என்றே மக்கள் நினைவில் வைத்தனர். பருவமழை பொய்த்தது, தானிய விலை ஏறியது, இலட்சக்கணக்கானோர் மடிந்தனர். ஓசூரும் கிருட்டிணகிரியும் அடங்கிய அன்றைய சேலம் மாவட்டம் பஞ்சம் மிகக் கடுமையாகத் தாக்கிய பகுதிகளுள் ஒன்று. ஏரியையும் மழையையும் மட்டுமே நம்பியிருந்த வறண்ட நிலங்களிலிருந்து மக்கள் வீட்டைத் துறந்து வெளியேறினர். காவிரி பாயும் தஞ்சை மண்ணில் ஒருவேளை கஞ்சியாவது கிடைக்கும் என்ற நம்பிக்கையில் பலர் அத்திசை நோக்கி நடந்தனர்.

அப்போது வேதநாயகர் முன்சீப் பணியிலிருந்து விலகியிருந்தார். மாதந்தோறும் வந்த பழைய வருவாய் இல்லை. சேர்த்து வைத்த பொருளே இருந்தது. முதுமைக்காகக் காத்துவைக்க வேண்டிய அப்பொருளைப் பசித்தவர்களுக்காக எடுத்தார். கஞ்சித் தொட்டிகள் அமைத்து, வந்தவர்க்கெல்லாம் உணவளித்தார். பசித்தவருக்கு உணவளிப்பவர் தமக்கே உணவளிக்கிறார் என்பது இயேசுபெருமானின் போதனை. அதனை ஞாயிறுதோறும் தேவாலயத்தில் கேட்ட வேதநாயகர், எச்சமயத்தவர் என்று வினவாமல் நீட்டிய கலங்களில் எல்லாம் கஞ்சி வார்த்தார்.

நந்தனார் சரித்திரக் கீர்த்தனை பாடிய கோபாலகிருட்டிண பாரதியார் இவ்வறத்தைக் கண்டு உருகி, வேதநாயகரைப் புகழ்ந்து கீர்த்தனை இயற்றினார். சிவபெருமானைப் பாடிய வாயால் கிறித்தவர் ஒருவரின் ஈகையைப் பாடினார் அந்த இசைப்பெரியார்.

சமயம் கடந்த நட்பு

மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை சைவத்தில் ஊறியவர். தலபுராணங்கள் பல பாடியவர். வேதநாயகருக்கு அவர் உற்ற நண்பர். வேதநாயகரைப் பாட்டுடைத் தலைவராகக் கொண்டு ‘குளத்தூர்க் கோவை’ என்னும் நூலை அவர் இயற்றினார். மன்னரையும் தெய்வத்தையும் பாடும் கோவை இலக்கியம், ஒரு முன்சீப்பின் பண்பைப் பாட இசைந்தது. திருவாவடுதுறை ஆதீனத்தின் தலைவர் சுப்பிரமணிய தேசிகரிடமும் வேதநாயகர் மதிப்பு மிக்க நட்புக் கொண்டிருந்தார். அவரைப் போற்றிச் செய்யுள்கள் இயற்றினார். மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவரான உ.வே. சாமிநாதையர், மாயூரத்தில் வேதநாயகரோடு பழகிய நாள்களைத் தம் நூல்களில் நன்றியுடன் பதிவு செய்துள்ளார்.

இந்நட்புகளுக்காக வேதநாயகர் தம் சமயப் பற்றைக் குறைத்துக்கொள்ளவில்லை. அவருடைய நண்பர்களும் அவ்வாறு எதிர்பார்க்கவில்லை. அன்னை மரியாளைப் போற்றிப் ‘பெரியநாயகி அம்மன் பதிகம்’ பாடினார். ‘தேவமாலை’, ‘திருவருள் மாலை’, ‘சத்திய வேத கீர்த்தனை’ முதலியன அவருடைய கிறித்தவப் பத்தி நூல்கள். அதே கையால் ‘சர்வ சமய சமரசக் கீர்த்தனை’யையும் எழுதினார். எந்தச் சமயத்தின் கடவுட் பெயரையும் முன்னிறுத்தாமல், எல்லாருக்கும் பொதுவான இறைவனை நோக்கி அக்கீர்த்தனைகள் அமைந்தன. ஆகவே எவரும் தயக்கமின்றிப் பாட முடிந்தது. கருநாடக இசை மேடைகளில் அவற்றுட் சில இன்றும் ஒலிக்கின்றன.

பேனாவும் தொண்டு செய்தது

பெண்கள் கல்வி பெறுவதைச் சமுதாயம் ஐயத்தோடு நோக்கிய காலத்தில், ‘பெண்மதி மாலை’ என்னும் நூலை வேதநாயகர் படைத்தார். ‘பெண் கல்வி’, ‘பெண் மானம்’ என்னும் உரைநடைப் பகுதிகளையும் எழுதிப் பெண்கல்விக்காக வாதாடினார்.

1879ஆம் ஆண்டு அவருடைய ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ வெளிவந்தது. தமிழின் முதல் நாவல் என்னும் பெருமை இதற்கு உண்டு. தமிழில் செய்யுள் நூல்கள் நிறைந்திருக்க, உரைநடை நூல்கள் அருகியிருப்பதைக் கண்டு அக்குறையைப் போக்கவே இதனை எழுதினார். நகைச்சுவையும் கிளைக்கதைகளும் நிறைந்த இந்நாவலில் எல்லாருடைய உள்ளத்தையும் கவர்பவள் ஞானாம்பாள். ஆணுடை தரித்து அரசாளும் நிலை அவளுக்கு வாய்க்கிறது. நீதி தவறாமல் நாட்டை ஆள்கிறாள். பெண்ணுக்கு எழுத்தறிவே தேவையில்லை என்று பலர் எண்ணிய நாளில், கதையிலேனும் அவளை அரியணையில் அமர்த்தினார் வேதநாயகர். அவருடைய இரண்டாம் நாவலான ‘சுகுணசுந்தரி’ 1887இல் வெளிவந்தது.

நிறைவாழ்வு

மாயூரம் நகர்மன்றத் தலைவராகவும் வேதநாயகர் ஊருக்குத் தொண்டாற்றினார். 1889ஆம் ஆண்டு சூலை 21ஆம் நாள் அவருடைய வாழ்வு நிறைவுற்றது. அறுபத்து மூன்று ஆண்டுகள்கூட நிரம்பாத அவ்வாழ்வில் அவர் காட்டுக்குச் சென்று தவம் செய்யவில்லை, பதவியைத் துறக்கவில்லை. மனுக்களைப் படித்தார், சாட்சிகளைக் கேட்டார், தீர்ப்பு எழுதினார், நண்பர்களோடு தமிழ் பேசினார், பசித்தவர்க்குக் கஞ்சி வார்த்தார். இந்த அன்றாடச் செயல்களிலேயே அவருடைய கிறித்தவ வாழ்வு நிகழ்ந்தது.

பஞ்சத்தில் வறண்ட அதே ஓசூர்ப் பகுதி இன்று தொழிற்சாலைகளால் நிறைந்துள்ளது. அங்குள்ள மூக்கண்டப்பள்ளி போன்ற எல்லையோர ஊர்களில் தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒரே தெருவில் ஒலிக்கின்றன. தொலைவிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்களும் அங்கு வாழ்கின்றனர். அங்கே ஓர் அலுவலகச் சாளரத்தின் முன் விண்ணப்பத்தை நிரப்பத் தெரியாமல் ஒரு தொழிலாளி நிற்கக்கூடும். அவருக்குப் புரியும் மொழியில் பொறுமையாக விளக்கி, எதையும் எதிர்பாராமல் அவர் வேலையை முடித்துக் கொடுக்கும் அலுவலர் எச்சமயத்தவராயினும், மாயூரத்து முன்சீப்பின் வழியில் நடப்பவரே.

கற்பவை கற்றபின்…

1. ‘கையுறை பெறுவது வழக்கம்தானே’ என்று கூறுபவருக்கு நீங்கள் அளிக்கும் விடையை ஒரு பக்க அளவில் எழுதுக.
2. உங்கள் ஊரில் உள்ள அரசு அலுவலகம் ஒன்றின் விண்ணப்பப் படிவத்தைப் பெற்று, அதிலுள்ள கடினமான சொற்களுக்கு எளிய தமிழ்ச்சொற்களைக் காண்க.
3. வேறு சமயத்தைச் சார்ந்த நண்பர் ஒருவரிடம் நீங்கள் கண்டு வியந்த நற்பண்பை வகுப்பறையில் பகிர்க.