கள்ளக்குறிச்சியில் படித்த புதுமைப்பித்தன்



மலருக்கு ஒரு சிறுகதை தருகிறேன் என்று பேரவைச் செயலாளர் அண்ணனிடம் வாக்குக் கொடுத்தது நான்தான். மூன்று தடவை தேதி தள்ளி வாங்கினேன். கதை பாதியில் நிற்கிறது. அது மட்டுமில்லை, என் பழைய ஒர்க்ஷாப் ரெக்கார்டு நோட்டின் பின்பக்கங்களில் இன்னும் நாலு கதை பாதியிலேயே கிடக்கிறது. ஆகவே கதைக்குப் பதிலாக, கதை எழுதிய ஒருவரின் வாழ்க்கையை எழுதித் தருகிறேன். மன்னிக்கவும்.

அவர் நமக்கு அந்நியர் இல்லை. சின்ன வயதில் நம்ம கள்ளக்குறிச்சியில் படித்தவர். இதை நூலகத்தில் ஒரு புத்தகத்தின் முன்னுரையில் பார்த்தபோது என்னால் நம்பவே முடியவில்லை. நாம் பஸ்ஸுக்கு ஓடுகிற இதே ஊரில், டிராயர் போட்ட ஒரு பையனாகப் புதுமைப்பித்தன் நடந்திருக்கிறார்!

அவருடைய இயற்பெயர் சொ. விருத்தாசலம். சொந்த ஊர் திருநெல்வேலி என்றாலும், பிறந்தது திருப்பாதிரிப்புலியூரில், 1906 ஏப்ரல் 25ஆம் தேதி. அப்பா சொக்கலிங்கம் பிள்ளை தாசில்தாராக இருந்தவர். மாற்றலாகும் ஊருக்கெல்லாம் குடும்பமும் மூட்டை கட்டும். அதனால் பையனின் ஆரம்பப் படிப்பு செஞ்சி, திண்டிவனம், கள்ளக்குறிச்சி என்று மூன்று ஊரில் நடந்தது. அப்போது நம்ம ஊர் தென்னாற்காடு மாவட்டத்தில் ஒரு தாலுகா. 1993இல் விழுப்புரம் மாவட்டத்தோடு போனது. 2019இல்தான் தனி மாவட்டமானது.

எட்டு வயதில் அவர் தாயை இழந்தார். பிறகு சிற்றன்னையிடம் வளர்ந்தார். 1918இல் அப்பா ஓய்வு பெற்றதும் குடும்பம் திருநெல்வேலிக்குத் திரும்பியது. பாளையங்கோட்டையில் பள்ளிப் படிப்பு, நெல்லை இந்துக் கல்லூரியில் பி.ஏ. பட்டம் வாங்கியது 1931இல். அப்போது அவருக்கு வயது 25! அரியர் வைத்திருக்கும் நண்பர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

1932இல் கமலா அம்மையாரைத் திருமணம் செய்துகொண்டார். அப்பாவைப் போல் சர்க்கார் உத்தியோகத்துக்குப் போகவில்லை, பேனாவை நம்பினார். 1933இல் 'காந்தி' பத்திரிகையில் அவர் கட்டுரை வந்தது. 1934லிருந்து 'மணிக்கொடி'யில் கதைகள் வர ஆரம்பித்தன. 'ஊழியன்', 'தினமணி', 'தினசரி' என்று பத்திரிகை ஆபீஸ்களில் உதவியாசிரியர் வேலை. பகலெல்லாம் பிறர் எழுதியதைத் திருத்துவதும், செய்திகளை மொழிபெயர்ப்பதும் பிழைப்பு. அதற்கு நடுவில்தான் கதை. பதினைந்து வருஷத்துக்குள் ஏறக்குறைய நூறு கதைகள் எழுதினார். பிறநாட்டுக் கதைகளையும் டஜன் கணக்கில் தமிழுக்குக் கொண்டுவந்தார்.

அவ்வளவு எழுதியவருக்கும் முடியாமல் போனது ஒன்று உண்டு, நாவல். 'அன்னை இட்ட தீ' என்று ஒரு நாவலைத் தொடங்கினார். அது கடைசிவரை முற்றுப்பெறவில்லை. அவர் இறந்து ஐம்பது வருஷம் கழித்து, 1998இல், நூலாகாமல் கிடந்த அவருடைய எழுத்துகளைத் தொகுத்தபோது, முடியாத அந்த நாவலின் பெயரையே புத்தகத்துக்கு வைத்தார்கள்.

ஏன் முடியவில்லை? என் சிற்றறிவுக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். 'ஒரு நாள் கழிந்தது' என்று அவர் ஒரு கதை எழுதியிருக்கிறார். அதில் முருகதாசர் என்று ஓர் எழுத்தாளர் வருவார். பெரிய நாவல் எழுத வேண்டும் என்பது அவர் ஆசை. ஆனால் வயிற்றுக்காக அவர் எழுதுவது விளம்பரம். வீட்டில் காப்பிப் பொடிக்கே கடன். அப்படிப்பட்ட வீட்டில் நாவல் எங்கே முடியும்? ஆனால் நாவல் முடியாத அந்த மனிதரைப் பற்றிய சிறுகதை முடிந்துவிட்டது பாருங்கள். எனக்கு அது பெரிய அதிசயமாகப்பட்டது.

இன்னொன்றும் கவனித்தேன். அந்தக் கதையில் முருகதாசரின் கஷ்டம் தீரவே தீராது. லாட்டரி விழாது, பணக்கார மாமா வரமாட்டார். ஒரு நாள் கழியும், அவ்வளவுதான். 'பொன்னகரம்' கதையில் அம்மாளுவின் வறுமையும் அப்படித்தான். இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் பிழைக்கப் போனவர்களைப் பற்றிய 'துன்பக்கேணி'யிலும் பொய்யான ஆறுதல் கிடையாது. கதை முடிவது வேறு, கஷ்டம் முடிவது வேறு என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

இனி என் கதைக்கு வருகிறேன். எங்கள் ஊர் கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம். எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டியது நான் ஒருவன்தான். அக்கா என்னைவிட நன்றாகப் படிப்பாள். எட்டாவதோடு நின்று மரவள்ளிக் காட்டு வேலைக்குப் போனாள். ரெண்டு பேரையும் படிக்க வைக்க வழியில்லை, நான் பையன். அவ்வளவுதான் காரணம். நான் எழுதும் கதையில் ஒரு பெண் பையை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்கிறாள். அங்கேயே கதை நின்றுவிட்டது. ஒரு தடவை அவளை நர்ஸ் ஆக்கினேன், ஒரு தடவை டீச்சர் ஆக்கினேன். ரெண்டும் பொய் என்று கிழித்துப் போட்டேன். லீவுக்குப் போகும்போதெல்லாம் படித்துக் காட்டுவேன். அம்மா கேட்டுக்கொண்டே தூங்கிவிடுவார். அக்கா மட்டும், அப்புறம் என்னடா ஆச்சு என்று கேட்பாள். நான் பதில் சொல்லாமல் நோட்டை மூடிவிடுவேன்.

புதுமைப்பித்தனின் கடைசிக் காலத்தையும் சொல்லிவிடுகிறேன். பத்திரிகையை விட்டு சினிமாவுக்குப் போனார். சொந்தமாகப் படக் கம்பெனி தொடங்கினார், படம் வெளிவரவில்லை. பிறகு தியாகராஜ பாகவதரின் 'ராஜமுக்தி' படத்துக்கு வசனம் எழுத புனே போனார். அங்கே காசநோய் முற்றியது. கையில் பணமில்லை. திருவனந்தபுரத்துக்கு வந்து சேர்ந்து, 1948 ஜூன் 30ஆம் தேதி கண்ணை மூடினார். வயது 42. அன்று கைக்குழந்தையோடு நின்றார் கமலா அம்மையார். 2002இல் தமிழக அரசு அவருடைய எழுத்துகளை நாட்டுடைமை ஆக்கியது. இன்று யார் வேண்டுமானாலும் அச்சிடலாம், யார் வேண்டுமானாலும் படிக்கலாம்.

நாவல் முடியவில்லையே என்று அவர் பேனாவை மூடிவைத்திருந்தால் நமக்கு அந்த நூறு கதைகள் கிடைத்திருக்காது. முடிகிற அளவுக்கு எடுத்து, உள்ளதை உள்ளபடி எழுதி முடித்தார்.

நண்பர்களே, உங்கள் நோட்டிலும் பாதிக் கதையோ, பாதிக் கவிதையோ இருக்கும். தூக்கிப் போடாதீர்கள். நானும் என் கதைக்கு முடிவு எழுதிவிட்டேன். பஸ் வருகிறது. தம்பி ஏறுகிறான். அக்கா பையைக் கழற்றி அவன் கையில் கொடுத்துவிட்டுக் காட்டுப் பக்கம் நடக்கிறாள். நடந்தது அதுதான்.

அதை இந்த மலருக்கே கொடுத்திருக்கலாமே என்று செயலாளர் அண்ணன் கோபிக்கக் கூடாது. முதலில் அக்காவிடம் படித்துக் காட்ட வேண்டும். அவள் சரி என்று சொன்ன பிறகுதான் மற்றவர்களுக்கு. பொங்கல் லீவுக்கு ஊருக்குப் போகிறேன்.



மூன்றாம் ஆண்டு, மெக்கானிக்கல் பிரிவு