உருவமும் உரமும்: மல்லர் காமாவின் வாழ்க்கை

உடன்குடியைச் சுற்றியுள்ள பனங்காடுகளில் விடியற்காலையில் நடந்து சென்றவர்கள் ஒரு காட்சியைக் கண்டிருப்பர். காலிலே தளைநாரும் இடுப்பிலே அரிவாள் பெட்டியும் பூட்டிய ஒருவர் நெடும்பனையின் உச்சிக்கு ஏறுவார், இறங்குவார், அடுத்த பனையை நாடுவார். அவர் பெரும்பாலும் மெலிந்த உடலினராகவே இருப்பார். பருத்த மேனியர் எவரும் அத்தொழிலில் நிலைத்ததாக நம் ஊர்ப் பெரியவர்கள் கூறக் கேட்டதில்லை. எனினும் வலியவன் யார் என்று கேட்டால், நம் உள்ளம் அந்தப் பனையேறியை நினைப்பதில்லை. அகன்ற மார்பும் முறுக்கிய மீசையும் கொண்ட பேருருவத்தையே நினைக்கிறது.

பாரசீகத்துப் பஹ்லவான் என்னும் சொல் தமிழில் பயில்வான் ஆயிற்று. நம் தெருக்களில் அச்சொல் பருத்தவரைப் புகழவும் மெலிந்த சிறுவரைக் கேலி செய்யவும் பயன்படுகிறது. மற்போரைத் தொழிலாகக் கொண்டவனுக்கு உருவம் இன்றியமையாததா? இவ்வினாவுக்குத் தம் வாழ்வையே விடையாக வைத்துச் சென்றவர் ஒருவர் உண்டு. காமா பயில்வான் என்று உலகம் அழைத்த குலாம் முஹம்மது அவர்களே அவர். அவர் வாழ்வு தரும் விடை, உருவம் வேண்டும் என்றோ வேண்டா என்றோ ஒரே சொல்லில் முடிந்துவிடுவதன்று.

காமா 1878ஆம் ஆண்டு பிறந்தார். காஷ்மீரத்திலிருந்து பஞ்சாபில் வந்து குடியேறிய மல்லர் மரபு அவருடையது. தந்தையார் முஹம்மது அஜீஸ் பக்ஷ் தாமும் ஒரு மல்லர். அன்று வடநாட்டுச் சமஸ்தானங்களில் மன்னர்கள் மல்லர்களை ஆதரித்துப் போற்றி வந்தனர். உணவும் ஊதியமும் அரண்மனையினின்று வரும்; மல்லர் பயிற்சி ஒன்றையே கடமையாகக் கொள்வர். அத்தகைய சூழலில் பிறந்த காமா, சிறு பிள்ளையாய் இருக்கும்போதே தந்தையை இழந்தார். தாய்வழிப் பாட்டனாரும் அவருக்குப் பின் மாமாவும் அச்சிறுவனை வளர்த்துப் பயிற்சி அளித்தனர். தந்தை விட்டுச் சென்ற இடத்தை மகன் நிரப்ப வேண்டும் என்பதே அவ்வீட்டாரின் உறுதி.

1888ஆம் ஆண்டு ஜோத்பூரில் ஒரு போட்டி நடந்தது. யாரும் யாரையும் வீழ்த்த வேண்டிய போட்டியன்று அது. யார் நீண்ட நேரம் பஸ்கி போடுகின்றனர் என்று காணும் போட்டி. நானூறுக்கும் மேற்பட்ட மல்லர்கள் திரண்டிருந்தனர். பெருமேனியர் பலர் ஒருவர்பின் ஒருவராகச் சோர்ந்து விலகினர். இறுதியில் எஞ்சி நின்ற பதினைவருள் பத்து வயதுச் சிறுவனான காமாவும் ஒருவர். அவர் வயதைக் கருதி ஜோத்பூர் மன்னர் அவரையே வெற்றியாளராக அறிவித்தார். பின்னர்த் தத்தியா சமஸ்தானத்து மன்னர் அவரைத் தம் ஆதரவில் ஏற்றுக்கொண்டார்.

அந்த நாள் முதல் காமாவின் வாழ்க்கை கோதாவுக்குள்ளேயே கழிந்தது. ஒரு நாளில் ஆயிரக்கணக்கில் தண்டாலும் பஸ்கியும், கர்லாக்கட்டை சுழற்றுதலும், கோதாவின் மண்ணைக் கிளறிப் பதமாக்குதலும், பல மல்லரோடு அடுத்தடுத்துப் பிடிபோட்டுப் பழகுதலும் அவருடைய அன்றாடப் பணிகள். பால், நெய், வாதுமை, இறைச்சிச் சாறு ஆகியன அவருடைய உணவு. வளர்ந்து நின்றபோது அவர் உயரம் ஐந்து அடி ஏழு அல்லது எட்டு அங்குலமே. எடை ஏறத்தாழ 90 கிலோ. ஆகவே அவரை மெலிந்தவர் என்று கூறுதல் பொருந்தாது. கழுத்தும் தோளும் தொடையும் திரண்ட உடல் அவருடையது. எனினும் மற்போர் உலகின் நெடியவர் நடுவே அவர் குட்டையரே.

உயரம் என்னும் சோதனை அவருக்கு இளமையிலேயே வந்தது. குஜ்ரன்வாலாவைச் சேர்ந்த ரஹீம் பக்ஷ் சுல்தானிவாலா என்பவர் அந்நாளில் இந்தியாவின் தலைசிறந்த மல்லர். ஏறத்தாழ ஏழடி உயரத்தினர். 1895ஆம் ஆண்டு, பதினேழே வயதான காமா அவரை எதிர்த்துக் கோதாவில் இறங்கினார். கூடியிருந்தோர் ஒரு நொடியில் முடிந்துவிடும் என்று எண்ணினர். போட்டியோ நெடுநேரம் நீண்டு வெற்றி தோல்வியின்றி முடிந்தது. அன்று காமா வெல்லவில்லை, ஆயினும் வீழவுமில்லை. நாடு அவர் பெயரை அறிந்துகொண்டது அன்றுதான்.

அதன்பின் சமஸ்தானம் சமஸ்தானமாகச் சென்று மல்லர்களை வென்று வந்த காமா, 1910ஆம் ஆண்டு தம் தம்பி இமாம் பக்ஷுடன் இலண்டன் மாநகரை அடைந்தார். அங்கே அவரை முதலில் தடுத்து நிறுத்தியது எதிரியின் கரமன்று. போட்டி நடத்தியோரின் கண்ணே. இத்துணைக் குட்டையான ஒருவரை உலக மல்லரோடு மோதவிட இயலாது என்று அவர்கள் வாயிலை அடைத்தனர். நுழைவுச்சீட்டு வாங்கி வரும் கூட்டம் பேருருவத்தைக் காண விரும்பும் என்பது அவர்கள் கணக்கு. தொழில்முறை மற்போரில் உருவம் முதன்மை பெறும் இடம் இதுவே. களத்திற்கு வெளியே, விளம்பரத் தட்டியிலும் வாயிற் கதவிலும் அது ஆட்சி செய்கிறது. நம் நாட்டில் பிற்காலத்தில் கிங்காங் முதலியோரின் பெயர்கள் சுவரொட்டிகளில் கொட்டை எழுத்தில் நின்றதைக் கண்ட பெரியவர்கள் இதனை நன்கு உணர்வர்.

காமா ஓர் அறைகூவல் விடுத்தார். எந்த எடையினராயினும் மூவரை அரைமணி நேரத்துக்குள் வீழ்த்துவதாக அவர் அறிவித்தார். முதலில் அதனை வெறும் பேச்சென்று தள்ளினர். பின்னர் அமெரிக்க மருத்துவரும் மல்லருமான பெஞ்சமின் ரோலர் எதிர்நின்றார். காமா அவரை முதன்முறை இரண்டு நிமிடத்துக்குள்ளும், மறுமுறை பத்து நிமிடத்துக்குள்ளும் மல்லாத்தினார். வாயில் திறந்தது.

1910 செப்டம்பர் 10ஆம் நாள் போலந்து நாட்டு மல்லர் ஸ்டானிஸ்லாஸ் ஸ்பிஸ்கோவுடன் காமா மோதினார். ஜான்புல் என்னும் பெயர் தாங்கிய வார்ப்பட்டையும் 250 பவுன் பணமும் பரிசு. ஸ்பிஸ்கோ உயரத்தில் காமாவை ஒத்தவர். எடையில் இருபது கிலோவுக்கும் மேல் மிகுந்தவர். சிறிது நேரத்திலேயே காமா அவரைத் தரையில் விழச் செய்தார். ஆனால் அவர் மல்லாந்து விழவில்லை. கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி, தம் பேரெடை முழுவதையும் தரையோடு பிணைத்துக்கொண்டு அசையாது கிடந்தார். காமா எத்துணையோ பிடிகளைப் போட்டும் அவரைப் புரட்ட இயலவில்லை. இரண்டரை மணி நேரத்துக்கு மேல் கழிந்தபின் போட்டி வெற்றி தோல்வியின்றி நிறுத்தப்பட்டது.

இப்போட்டி நமக்கு ஓர் உண்மையை உணர்த்துகிறது. பேரெடை ஸ்பிஸ்கோவைத் தோல்வியினின்று காத்தது. வெற்றியை அவருக்கு ஈட்டித் தரவில்லை. காமாவின் திறமையும் அன்று அவ்வெடையைக் கடக்க முடியவில்லை. உருவம் ஓர் அரண் என்பதை மறுத்தல் இயலாது. அரணுக்குள் இருப்போன் வெளியே வந்து போரிடாத வரையில் அது பயன் தரும். ஒரு வாரம் கழித்து, செப்டம்பர் 17ஆம் நாள் மீண்டும் மோதவேண்டும் என்று குறிக்கப்பட்டது. அன்று காமா வந்தார், ஸ்பிஸ்கோ வரவில்லை. வார்ப்பட்டை காமாவுக்கு உரியதாயிற்று. அதே பயணத்தில் தம்பி இமாம் பக்ஷும் சுவிட்சர்லாந்து மல்லர் ஜான் லெம்மை வென்றார்.

தாயகம் திரும்பிய காமா அலகாபாத்தில் ரஹீம் பக்ஷை மீண்டும் சந்தித்தார். நெடிய போராட்டத்தின்பின் வென்று, ருஸ்தமே ஹிந்த் என்னும் பட்டத்தைப் பெற்றார். இங்கே ஒன்றைக் கருதுதல் வேண்டும். தாம் எதிர்கொண்டவருள் மிக வலியவர் யார் என்று பிற்காலத்தில் கேட்டபோது, வெள்ளையர் எவரையும் குறிப்பிடாமல் ரஹீம் பக்ஷின் பெயரையே அவர் கூறினார். பேருருவமும் பெரும்பயிற்சியும் ஒருவரிடத்தே சேர்ந்தால் அவரை வெல்லுதல் அரிது என்பதை அவர் மறைக்கவில்லை. உருவத்தை வென்றவர் உருவத்தை இகழவில்லை.

1928ஆம் ஆண்டு சனவரியில் பாட்டியாலாவில் ஸ்பிஸ்கோவுக்கு மீண்டும் ஒரு வாய்ப்புக் கிடைத்தது. பாட்டியாலா மன்னர் அப்போட்டியை ஏற்பாடு செய்தார். ஆயிரமாயிரம் மக்கள் கூடினர். இருவருக்கும் ஐம்பதை நெருங்கிய வயது. இம்முறை ஸ்பிஸ்கோ தரையில் ஒடுங்கிக் கிடக்கவில்லை. நேரே மோத முன்வந்தார். ஒரு நிமிடம் நிறைவதற்குள் அவர் முதுகு கோதாவின் மண்ணில் பட்டது. பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் இரண்டரை மணி நேரத்தில் தீராத வழக்கு, நொடிகளில் தீர்ந்தது.

காமாவை வீழ்த்தியவர் எவருமில்லை என்பதே மற்போர் வரலாறு கூறும் செய்தி. ஆனால் கோதாவுக்கு வெளியே அவரை வருத்தியவை பல. அவருடைய ஐந்து ஆண்மக்களும் இளமையிலேயே மறைந்தனர். 1945ஆம் ஆண்டு கடைசி மகனும் இறந்தபோது அவர் சில நாள் பேச்சிழந்து இருந்தார் என்பர். இரண்டு ஆண்டுகளில் நாடு பிரிந்தது. இலாகூரின் மோகினி சாலைப் பகுதியில் வாழ்ந்த அவருடைய அண்டை வீட்டாருள் இந்துக்கள் பலர். கலகக் கும்பல் அத்தெருவுக்கு வந்தபோது, எழுபதை நெருங்கிய காமா தம் மாணவ மல்லருடன் முன்வந்து நின்றார். கும்பல் பின்வாங்கியது. பின்னர் அம்மக்களுக்கு உணவுப் பொருள்களும் அளித்து, எல்லை வரை பாதுகாப்பாகச் செல்ல அவர் வழிசெய்தார்.

வலிமை என்பது பிறரை மண்ணில் வீழ்த்துவதில் மட்டும் அடங்குவதன்று என்னும் அறிவுரையை நாம் இளமை முதல் கேட்டு வந்தவர்கள். அவ்வறிவுரையைக் காமா ஒரு தெருமுனையில் நின்று நிறைவேற்றினார். அன்று அவர் உயரத்தை யார் அளந்தனர்?

சமஸ்தானங்கள் மறைந்தபின் மல்லர்களைப் போற்றிய கைகளும் மறைந்தன. உலகப் புகழ் பெற்ற மல்லர் இறுதிக் காலத்தில் நோயுடனும் பொருள் முட்டுடனும் வாழ நேர்ந்தது. செய்தி பரவியதும் பாகிஸ்தான் அரசு உதவியது. இந்தியத் தொழிலதிபர் பிர்லாவும் பணம் அனுப்பி மாதந்தோறும் உதவ ஏற்பாடு செய்தார். எல்லைக்கு அப்பாலிருந்து வந்த அவ்வுதவி, மோகினி சாலையில் அவர் செய்த பணிக்கு ஒரு மறுமொழி போலவே தோன்றுகிறது. 1960 மே 23ஆம் நாள் இலாகூரில் அவர் இறையடி சேர்ந்தார்.

மாணவ நண்பர்களே, கல்லூரி விளையாட்டுக் குழுவுக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் நாளில் வரிசையின் பின்னால் ஒதுங்கி நிற்கும் குட்டையான இளைஞர் உங்களுள் இருக்கலாம். அவருக்குக் காமாவின் வாழ்வு பொய்யான ஆறுதல் எதையும் கூறவில்லை. நெடியவனுக்கும் பருத்தவனுக்கும் தொடக்கத்தில் ஒரு வாய்ப்பு மிகுதியாகவே கிடைக்கும். அதனை ஈடுசெய்ய மற்றவன் பல்லாயிரம் தண்டால்களைக் கூடுதலாக எடுத்தாக வேண்டும். வாயில் காப்போன் உருவத்தைப் பார்த்தே உள்ளே விடுவான். உள்ளே சென்றபின் பயிற்சியே பேசும். ஆசிரியப் பெருமக்களும் பெரியோர்களும் செய்யக்கூடியது ஒன்று உண்டு: வரிசையின் பின்னால் நிற்பவனையும் ஒருமுறை களத்தில் இறக்கிப் பார்த்தல்.

அடுத்த முறை உடன்குடிப் பனங்காட்டு வழியே செல்லும்போது, உச்சியில் பாளை சீவிக்கொண்டிருக்கும் மெலிந்த மனிதரைச் சற்றே நின்று அண்ணாந்து பாருங்கள். காமா பயில்வான் கண்டிருந்தால் அவரைத் தம் இனத்தவர் என்று அடையாளம் கண்டிருப்பார்.