நீல மாத்திரையும் சுப்பாராவும்

வாரத்தில் ஒரு நாள், மதிய உணவு முடிந்ததும், உங்கள் வகுப்பாசிரியர் ஒரு நீல நிற மாத்திரையைக் கையில் தந்திருக்கிறாரா? சின்ன வகுப்புப் பிள்ளைகள் என்றால் அது இளஞ்சிவப்பாக இருக்கும். முகத்தைச் சுளித்துக்கொண்டு விழுங்கியிருப்பீர்கள். அதை எல்லோரும் இரும்புச்சத்து மாத்திரை என்றுதான் சொல்வார்கள். ஆனால் அதற்குள் இன்னொரு பொருளும் ஒளிந்திருக்கிறது. நீல மாத்திரையில் இரும்பு 60 மில்லிகிராம்; அந்த இன்னொரு பொருள் வெறும் அரை மில்லிகிராம். அதன் பெயர் ஃபோலிக் அமிலம்.

இந்தத் துளிப் பொருளை ஆராய்ச்சிக்கூடத்தில் செயற்கையாகச் செய்து காட்டிய குழுவுக்குத் தலைமை தாங்கியவர், நம் சென்னை திருவல்லிக்கேணியில் பள்ளிப் படிப்பை முடித்தவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டருக்குப் படித்தவர். அவர்தான் எல்லாப்ரகட சுப்பாராவ்.

1895ஆம் ஆண்டு ஜனவரி 12ஆம் தேதி, கோதாவரிக் கரைச் சீமையில் உள்ள பீமவரத்தில் பிறந்தார். அப்போது அந்த ஊர் சென்னை மாகாணத்தில் இருந்தது. வீட்டில் வறுமை. சுப்பாராவுக்கோ படிப்பில் மனம் ஒட்டவில்லை. 13 வயதில் வீட்டை விட்டே ஓடிப்போனார்! காசிக்குப் போய், அங்கு வரும் யாத்ரீகர்களிடம் வாழைப்பழம் விற்றுப் பணக்காரர் ஆகிவிடலாம் என்று திட்டம். அம்மா வெங்கம்மா விடவில்லை. தேடிப் பிடித்து இழுத்து வந்து மறுபடியும் பள்ளியில் உட்கார வைத்தார்.

மெட்ரிகுலேஷன் தேர்வில் இரண்டு முறை தோல்வி. மூன்றாம் முறை, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்துத்தான் தேறினார். பின்னாளில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவர் இவர்தான். மதிப்பெண் தாளை மட்டும் வைத்துப் பிள்ளைகளை எடைபோடுகிறவர்களிடம் இந்தக் கதையைச் சொல்ல எனக்கு எப்போதும் ஆசை.

மாநிலக் கல்லூரியில் இண்டர்மீடியட் படித்தபோது அவருக்கு இன்னொரு ஆசை வந்தது. ராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்து துறவியாக வேண்டும் என்பதே அது. தாயின் சம்மதம் வேண்டும் என்றார்கள். வெங்கம்மாவா சம்மதிப்பார்? மருத்துவம் படித்தால் துறவி ஆகாமலே ஏழைகளுக்குத் தொண்டு செய்யலாமே என்று யோசனை சொன்னார்கள். அப்படித்தான் சென்னை மருத்துவக் கல்லூரிக்குள் நுழைந்தார். திருமணமும் ஆனது. மனைவி பெயர் சேஷகிரி. படிப்புச் செலவுக்கு மாமனார் கைகொடுத்தார்.

அது காந்தியடிகள் அந்நியத் துணியை விலக்கச் சொன்ன காலம். சுப்பாராவ் அறுவை சிகிச்சை வகுப்புக்கும் கதர் அங்கி அணிந்து போனார். ஆங்கிலேயப் பேராசிரியர் பிராட்ஃபீல்டுக்கு அது பிடிக்கவில்லை. தேர்வில் நன்றாக எழுதியும் சுப்பாராவுக்கு எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை, அதைவிடக் குறைந்த எல்.எம்.எஸ். சான்றிதழ்தான் கிடைத்தது. அரசு மருத்துவப் பணியின் கதவு மூடிக்கொண்டது. சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் விரிவுரையாளராகச் சேர்ந்தார்.

இதற்கிடையில் அவர் வீட்டில் ஒரு பெரும் துயரம் நடந்திருந்தது. ஸ்ப்ரூ என்னும் நோய்க்கு அவருடைய சகோதரர்கள் இருவர், சில நாள் இடைவெளியில், அடுத்தடுத்துப் பலியானார்கள். பிறகு அதே நோய் சுப்பாராவையும் பிடித்தது. டாக்டர் ஆசண்ட லட்சுமிபதி என்பவரின் ஆயுர்வேத சிகிச்சையில் எப்படியோ பிழைத்து எழுந்தார்.

ஸ்ப்ரூ என்றால் என்ன? பழைய வைத்தியர்கள் கிராணி என்று சொல்வார்களே, அந்த வகையைச் சேர்ந்த வயிற்றுப்போக்கு நோய். நம் சிறுகுடலின் உட்புறம் வழுவழுப்பாக இருக்காது. குளித்தபின் துவட்டும் துவாலையில் நூல் நூலாக நீட்டிக்கொண்டிருக்கிறதல்லவா? அதுபோலக் குடலுறிஞ்சிகள் லட்சக்கணக்கில் நீட்டிக்கொண்டிருக்கும். உணவின் சத்தை உறிஞ்சி இரத்தத்துக்கு அனுப்புவது அவைதான். ஸ்ப்ரூ நோயில் இவை தேய்ந்து மழுங்கிப்போகும். சோறு சாப்பிட்டாலும் சத்து உடம்பில் ஒட்டாது. நோயாளி நாளுக்கு நாள் மெலிவார், இரத்தம் குறையும், நாக்கு சிவந்து புண்ணாகும். வயிற்றில் தொடங்கிய கோளாறு எதற்காக இரத்தத்தைக் கெடுக்கிறது? இந்தக் கேள்விக்கு அன்று யாரிடமும் சரியான விடை இல்லை.

நோயின் வேரைக் கண்டுபிடிக்க வேண்டுமானால் இன்னும் படிக்க வேண்டும் என்று சுப்பாராவ் முடிவு செய்தார். காக்கிநாடாவில் ஓர் அறக்கட்டளையும் மாமனாரும் பணம் கொடுத்து உதவினார்கள். 1920களின் தொடக்கத்தில் கப்பலேறி அமெரிக்காவின் பாஸ்டன் நகருக்குப் போனார். ஹார்வர்டில் வெப்ப மண்டல நோய்களைப் பற்றிப் படிக்க இடம் கிடைத்தது. ஆனால் உதவித்தொகை கிடைக்கவில்லை. சென்னையில் டாக்டராக இருந்தவர், பாஸ்டன் மருத்துவமனையில் இரவு நேரக் கடைநிலை ஊழியராக வேலை பார்த்தார். நோயாளிகளின் மலஜலத் தட்டுகளைக் கழுவிச் சுத்தம் செய்வதும் அந்த வேலையில் சேர்த்தி. பகலில் படிப்பு!

பிறகு ஹார்வர்டு மருத்துவப் பள்ளியில் சைரஸ் ஃபிஸ்கே என்ற பேராசிரியரிடம் ஆராய்ச்சியில் சேர்ந்தார். இரத்தத்தில் பாஸ்பரஸ் எவ்வளவு இருக்கிறது என்று அளக்க இருவரும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். சில இரசாயனங்களைச் சேர்த்தால் நீல நிறம் வரும். நிறம் எவ்வளவு அடர்த்தியோ பாஸ்பரஸும் அவ்வளவு அதிகம். 1925இல் வெளிவந்த இந்த முறைக்கு ஃபிஸ்கே–சுப்பாராவ் முறை என்றே பெயர். உயிர்வேதியியல் படிக்கும் மாணவர்கள் ஆய்வுக்கூடத்தில் கற்கும் பாடம் இது. சிறுநீரகம், எலும்பு ஆகியவற்றின் நோய்களை அறிய பாஸ்பரஸ் அளவு உதவும்.

அந்த நீல நிறமே அவர்களை அடுத்த இடத்துக்கு அழைத்துச் சென்றது. தசையில் பாஸ்பரஸைத் தேடும்போது, 1927இல் பாஸ்போகிரியாட்டின் என்ற பொருளையும், 1929இல் ஏ.டி.பி. என்ற பொருளையும் பிரித்தெடுத்தார்கள். ஜெர்மனியில் கார்ல் லோமன் என்பவரும் அதே 1929இல் ஏ.டி.பி.யைக் கண்டுபிடித்தார். நீங்கள் ஓடினாலும், எழுதினாலும், கண் இமைத்தாலும் உடம்பு செலவழிக்கும் சில்லறைக் காசு இந்த ஏ.டி.பி.தான். பாஸ்போகிரியாட்டின், அவசரத்துக்கு உடைத்து எடுக்கும் உண்டியல். மேல் வகுப்புக்குப் போனதும் உயிரியல் புத்தகத்தில் ஏ.டி.பி.யைப் பார்க்கப் போகிறீர்கள். அப்போது சுப்பாராவை நினைத்துக்கொள்ளுங்கள்.

1930இல் பி.எச்.டி. பட்டம் பெற்றார். ஆனால் ஹார்வர்டில் நிரந்தரப் பதவி கிடைக்கவில்லை. 1940இல் நியூயார்க் மாநிலத்தில் பேர்ல் ரிவர் என்ற ஊரில் இருந்த லெடர்லி மருந்து நிறுவனத்தில் சேர்ந்தார். விரைவிலேயே அதன் ஆராய்ச்சிப் பிரிவுக்கு இயக்குநர் ஆனார்.

இங்கேதான் நம் நீல மாத்திரைக் கதை வருகிறது.

இரத்த சோகையில் ஒரு கொடிய வகை உண்டு. அந்த நோயாளிகள் தினமும் கால் கிலோ வரை ஈரல் சாப்பிட்டால் பிழைக்கிறார்கள் என்று 1926இல் பாஸ்டன் மருத்துவர்கள் கண்டுபிடித்திருந்தார்கள். நம் பம்பாயிலும் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய டாக்டர் அம்மையார், ஆலைத் தொழிலாளர்களாக இருந்த கர்ப்பிணிகளின் இரத்த சோகையை ஈஸ்ட் சாறு கொடுத்துக் குணப்படுத்தினார். ஈரலிலும் ஈஸ்ட்டிலும் இருப்பது எது? அமெரிக்காவின் டெக்சாஸில் 1941இல் நாலு டன் பசலைக்கீரையை அரைத்து, அதிலிருந்து ஒரு சத்தைத் துளியளவு பிரித்தார்கள். லத்தீன் மொழியில் இலைக்கு ஃபோலியம் என்று பெயர். அதனால் அந்தச் சத்துக்கு ஃபோலிக் அமிலம் என்று பெயர் வைத்தார்கள். நாலு டன் கீரைக்குத் துளி மருந்து என்றால் எத்தனை நோயாளிக்குக் கொடுக்க முடியும்? சுப்பாராவின் குழு அதை 1945இல் இரசாயன முறையில் செயற்கையாகவே செய்துவிட்டது.

கியூபாவில் ஸ்ப்ரூ நோயாளிகளுக்கு அதைக் கொடுத்துப் பார்த்தார்கள். படுக்கையில் கிடந்தவர்களுக்குப் பசி எடுத்தது, நாக்குப் புண் ஆறியது, இரத்தம் ஊறியது! புதுச் செல்கள் பிறக்க ஃபோலிக் அமிலம் தேவை. எலும்பு மஜ்ஜையில் ஒவ்வொரு நொடியும் லட்சக்கணக்கில் சிவப்பணுக்கள் பிறக்கின்றன. குடல் கெட்டுப்போனால் ஃபோலிக் அமிலம் உள்ளே போகாது. மஜ்ஜையின் வேலை நின்றுவிடும். சகோதரர்களைக் கொண்டுபோன நோயின் புதிரில் பெரும்பகுதி இப்படி அவிழ்ந்தது. அவர்கள் மறைந்து ஆண்டுகள் பல ஓடிவிட்டன.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். சுப்பாராவ் தேடியது அந்தக் கொடிய இரத்த சோகைக்கான மருந்து. ஃபோலிக் அமிலம் அந்த நோயாளிகளின் இரத்தத்தைச் சரி செய்தது; நரம்புகள் கெடுவதைத் தடுக்க அதனால் முடியவில்லை. அந்த நோய்க்கு உரிய சத்து வைட்டமின் பி12 என்று 1948இல் வேறு விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள்.

சுப்பாராவின் ஃபோலிக் அமிலம் வேறொரு திசையில் பயன்பட்டது. பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் சிட்னி ஃபார்பர் என்ற டாக்டர் இருந்தார். இரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகள் சில வாரங்களில், சில மாதங்களில் இறந்துவிடுவார்கள். அன்று மருந்தே கிடையாது. அவர்களுக்கு ஃபோலிக் அமில வகை மருந்தைக் கொடுத்தார் ஃபார்பர். நோய் குறையவில்லை, இன்னும் வேகமாக வளர்ந்தது! வேறொருவராக இருந்தால் கைவிட்டிருப்பார். ஃபார்பர் தலைகீழாக யோசித்தார். ஃபோலிக் அமிலம் கெட்ட செல்லை வளர்க்கிறது என்றால், அதைத் தடுத்துவிட்டால்?

அதற்கான பொருளைச் சுப்பாராவின் குழு செய்து அனுப்பியது. பார்ப்பதற்கு ஃபோலிக் அமிலம் போலவே இருக்கும், ஆனால் வேலை செய்யாது. பூட்டுக்குள் நுழைந்து சிக்கிக்கொள்ளும் போலிச் சாவி மாதிரி. அதன் பெயர் அமினோப்டெரின். 1947 இறுதியில் குழந்தைகளுக்குக் கொடுக்கத் தொடங்கினார் ஃபார்பர். 16 குழந்தைகளில் 10 பேர் தேறினார்கள். அந்த நலம் நிரந்தரம் அல்ல. சில மாதங்களில் நோய் திரும்பி வந்தது. ஆனாலும் இரத்தப் புற்றுநோய் மருந்துக்குப் பின்வாங்கியது அதுவே முதல் முறை.

அமினோப்டெரினுக்குத் தம்பியாக வந்த மெத்தோட்ரெக்சேட் இன்றும் பயன்படுகிறது, முடக்குவாதத்துக்கும் தருகிறார்கள். இந்த மருந்துக்கு நல்ல செல், கெட்ட செல் என்ற பேதம் தெரியாது. மஜ்ஜையையும் குடலையும் புண்ணாக்கும். அதனால் அதிக அளவில் கொடுத்த பிறகு, ஃபோலினிக் அமிலம் என்ற இன்னொரு மருந்தைக் கொடுத்து நல்ல செல்களைக் காப்பாற்றுவார்கள். நல்ல சிகிச்சை கிடைக்கும் இடங்களில் இன்று குழந்தைகளைத் தாக்கும் முக்கியமான இரத்தப் புற்றுநோயில் பத்துக்கு எட்டு, ஒன்பது பேர் பிழைக்கிறார்கள்.

இன்னொரு மருந்து நம் ஊர்களுக்கு மிக வேண்டியது. யானைக்கால் நோய் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். கொசுக்கடி வழியாக வரும் நூல் போன்ற புழுக்கள் நிணநீர்க் குழாய்களில் குடியேறி, அவற்றைப் பாழாக்கிவிடும். வடிகால் அடைத்த தெரு மாதிரி, கால் வீங்கிக்கொண்டே போகும். இரண்டாம் உலகப் போரில் பசிபிக் தீவுகளுக்குப் போன அமெரிக்கச் சிப்பாய்கள் பலருக்கும் இது வந்தது. சுப்பாராவின் கூடத்தில் பருத்தி எலிகளிடம் சோதித்து 1947இல் டைஎத்தில்கார்பமசின் என்ற மருந்தைக் கண்டுபிடித்தார்கள். சுருக்கமாக டி.இ.சி. பழைய வீக்கத்தை இது இறக்கிவிடாது. இரத்தத்தில் திரியும் குஞ்சுப் புழுக்களை ஒழிக்கும். கொசு வந்து கடித்தாலும் அடுத்தவருக்குக் கொண்டுபோக ஒன்றும் இருக்காது!

1980களில் காரைக்காலில் சமையல் உப்பிலேயே இதைக் கலந்து கொடுத்து நோயைக் குறைத்தார்கள். 2004இல் இந்தியாவில் இந்நோய் உள்ள மாவட்டங்களில் ஆண்டுக்கு ஒருமுறை டி.இ.சி. மாத்திரை தரும் திட்டம் தொடங்கியது. வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள், விழுங்கியவர்கள் இருப்பார்கள். இலங்கையில் யானைக்கால் நோய் ஒழிந்துவிட்டதாக 2016இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அங்கும் வீடு வீடாகக் கொடுத்த மாத்திரைகளில் ஒன்று இதுதான்.

மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து, 70 வயதைத் தாண்டிய பெஞ்சமின் டக்கர் என்ற தாவரவியலார் ஆரியோமைசின் என்னும் பொன்னிற மருந்தைக் கண்டெடுத்ததும் சுப்பாராவின் ஆராய்ச்சிக் கூடத்தில்தான். டெட்ராசைக்ளின் குடும்பத்தின் மூத்த பிள்ளை அது. 1948இல் வெளிவந்தது.

அமினோப்டெரின் பற்றிய ஃபார்பரின் கட்டுரை 1948 ஜூனில் அச்சானது. இரண்டே மாதத்தில், ஆகஸ்டில், ஒரு நாள் இரவு தூங்கப்போன சுப்பாராவ் எழுந்திருக்கவே இல்லை. மாரடைப்பு. வயது 53. கப்பலேறிப் போனவர் ஒருமுறைகூட ஊர் திரும்பவில்லை. சேஷகிரி அம்மாள் கணவரை அதன்பின் பார்க்கவே இல்லை. எத்தனை முறை படித்தாலும் இந்த இடம் எனக்கு நெஞ்சில் தைக்கும்.

நோபல் பரிசு அவருக்குக் கிடைக்கவில்லை. விளம்பரத்தை நாடாதவர் என்பதால் பெயரும் பரவவில்லை. 1953இல் லெடர்லியில் வேலை பார்த்த ஓர் அறிஞர், புதிதாகக் கண்டெடுத்த பூஞ்சைக் காளான் ஒன்றுக்குச் சுப்பாரோமைசிஸ் ஸ்ப்ளெண்டென்ஸ் என்று பெயர் வைத்தார். 1995இல், நூற்றாண்டு விழாவின்போது, இந்திய அரசு அவர் படம் போட்ட தபால்தலையை வெளியிட்டது. தபால்தலை சேர்க்கும் பழக்கம் உங்களுக்கு இருந்தால், அடுத்த முறை நண்பர்களிடம் மாற்றிக்கொள்ளும்போது அந்தத் தலை இருக்கிறதா என்று தேடிப் பாருங்களேன்!